ரசம் போன பம்பர்: மாடல் காரின் குரோம் பூச்சைத் திருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை மாலை. மாடல் கார்கள் கட்டும் நண்பர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே மெல்லிய தாளில் பொதிந்த சிறு பாகங்கள்: முன் பம்பர், பின் பம்பர், கிரில், நான்கு சக்கர மூடிகள். எல்லாம் 1951-ஆம் ஆண்டு செவர்லே காரின் 1/25 அளவு மாடலுக்கு உரியவை. அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். சென்னையில் வங்கியில் வேலை. ஆறு ஆண்டுகளாக மாடல் கட்டுகிறார். அதுவரை கட்டியவை எல்லாம் ராணுவ வண்டிகள். சேறும் துருவும் படிந்த வண்டிகளில் தேர்ந்த கை அவருடையது. குரோமைத் தொட்டது இதுதான் முதல் முறை.

இந்த வண்டியை அவர் தேர்ந்ததற்குக் காரணம் அவருடைய தந்தை. 1960-களில் கோவையில் ஒரு மில் முதலாளியின் வீட்டில் கார் ஓட்டுநராக இருந்தவர். அவர் ஓட்டியது 1951 செவர்லே. செவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களை இணைத்துக் கார்களாக்கி விற்றது. அந்தக் காலத்தில் நம் சாலைகளில் ஓடிய செவர்லேக்கள் பல அங்கிருந்து வந்தவை. தந்தைக்கு எண்பதாம் கல்யாணம் கார்த்திகையில். அதற்கு இந்த மாடலைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. இருபத்தாறு நாள்கள் இருந்தன.

உடற்கூடு முடிந்துவிட்டது. மேல்பாதி வெண்மையும் கீழ்ப்பாதி கடற்பச்சையுமாக, குறை சொல்ல முடியாத பெயின்ட். பக்கவாட்டுக் கோடுகளுக்குப் பசையுள்ள மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, பல்குத்தியால் அழுத்தி, கத்தியால் சீவியிருந்தார். அதுவும் நன்றாகவே வந்திருந்தது. சிக்கல் டப்பாவுக்குள் இருந்தவற்றில்தான்.

“அண்ணா, இதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடுமா?” என்று கேட்டார்.

குரோம் பூச்சில் குறை கண்ட எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்பதை அவருக்கும் எனக்கும் தெளிவாக்கிக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

முதல் முயற்சியில் நடந்தவை

கிட்டோடு, அதாவது மாடல் கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வந்த பம்பர் முதலியவை தொழிற்சாலையிலேயே முலாம் பூசப்பட்டவை. வெற்றிடக் கலனில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் படியவைப்பார்கள். அந்த அலுமினியப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்பு. அதற்கு அடியில், பிளாஸ்டிக்கை வழவழப்பாக்க லேக்கர் எனப்படும், விரைவில் காயும் ஒரு நிறமற்ற பூச்சு இருக்கும். இந்த அடிப்பூச்சு இருப்பது நண்பருக்குத் தெரியாது. பின்னால் வந்த தொல்லையில் பாதிக்கு அதுவே காரணம்.

முன் பம்பரின் இரு முனைகளிலும், பிளாஸ்டிக்கை வார்த்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரிந்தது. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடங்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் பொட்டாகத் தெரிந்தது. கோட்டைத் தேய்த்து எடுக்க வேண்டுமானால் முலாமை இழக்க வேண்டும். ஆகவே பம்பரைத் துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டார். சில நிமிடங்களில் அலுமினியம் கரைந்தது. அடிப்பூச்சு அப்படியே பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணாடிபோல் நிறமற்றது என்பதால் அது அவர் கண்ணில் படவில்லை.

பிறகு 800 எண் உப்புத்தாளால் கோட்டைத் தேய்த்தார். கடையில் கிடைத்த கருப்பு எனாமல் ஸ்பிரேயை அடித்தார். ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் காலை ஏர்பிரஷில், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் சிறு கருவியில், லேக்கர் வகை குரோமை அடித்தார். பம்பர் சாம்பல் நிறமாகத் தெரிந்ததால், பளபளப்பு வரட்டும் என்று மேலும் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலும் மங்கியது.

சக்கர மூடிகளில் வேறு வழியைப் பார்த்தார். ஆல்கஹால் அடிப்படையிலான குரோம் மைப் பேனாவால் பூசியபோது நான்குமே அழகாக வந்தன. கை பட்டால் அழியும் என்று கேள்விப்பட்டு, இரண்டின் மேல் நிறமற்ற லேக்கர் ஸ்பிரேயை அடித்தார். இரண்டும் அவர் கண் எதிரிலேயே பழைய ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறின.

மேசையில் கண்டவை

முன் பம்பரை ஒரு குச்சியில் ஒட்டி, அறை விளக்கை அணைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். நேர் வெளிச்சத்தில் ஒரே மங்கலாகத் தெரிந்தது, சாய்ந்த வெளிச்சத்தில் ஐந்து தனித்தனிக் குறைகளாகப் பிரிந்தது.

நடுப்பகுதி முழுவதும் சாம்பல் புகை படிந்ததுபோல் இருந்தது, ரசம் போன கண்ணாடி மாதிரி. இரு முனைகளிலும் மயிரிழை அளவுக்கு வெடிப்புகள், வறண்ட கண்மாயின் தரையைச் சிறிதாக்கியதுபோல. கோட்டைத் தேய்த்த இடத்தில் இணைகோடுகளாக உப்புத்தாளின் கீறல்கள். அந்த இடத்தைச் சுற்றி, தேசப்படத்தில் கடற்கரை வரைந்ததுபோல் ஒரு வளைந்த விளிம்பு. மேற்புறத்தில் ஏழெட்டுத் தூசிப் புள்ளிகள்.

தூசிப் புள்ளியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் தூசி, 1/25 அளவில், உண்மை வண்டியின் பம்பரில் 2.5 மில்லிமீட்டர் கொப்புளம். சாதாரண பெயின்ட்டில் அது கண்ணுக்குத் தப்பும். குரோமில் தப்பாது, வளைந்த கண்ணாடிபோல் அந்தப் புள்ளி தன்னைச் சுற்றி ஒரு ஒளிவட்டத்தைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

அந்த வளைந்த விளிம்பு என்ன என்பதுதான் இருவருக்கும் முதலில் விளங்கவில்லை. பம்பரின் பின்புறம், யாரும் பார்க்காத இடத்தில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் பத்து நிமிடம் தேய்த்தேன். கருப்பு இளகியது, அதற்கு அடியில் நிறமற்ற தோல் ஒன்று சுருண்டு எழுந்தது. தொழிற்சாலையின் அடிப்பூச்சு அதுதான். உப்புத்தாள் அதை ஓரிடத்தில் மட்டும் அறுத்துவிட்டு, சுற்றிலும் விட்டுவைத்திருந்தது. நாங்கள் பார்த்த கடற்கரை அந்தப் படியின் ஓரம்.

ஏன் இப்படி ஆகிறது

மாடல்களுக்கான குரோம் பெயின்ட்டில் உண்மையான குரோமியம் கிடையாது. உள்ளே இருப்பவை மிக மெல்லிய, தட்டையான அலுமினியச் செதில்கள். பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவமான தின்னர் ஆவியாகும்போது அவை ஓட்டுக்கூரையின் ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படுத்தால் கண்ணாடி கிடைக்கும். படுக்க நேரமில்லாமல், ஈரத்துக்குள் மிதந்து, கோணல்மாணலாக நின்றால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். அப்போது கிடைப்பது சாம்பல் நிறம். அதிகமாக அடிக்க அடிக்க மங்கியதற்குக் காரணம் இதுதான்.

செதில்களின் அடுக்கு அத்தனை மெல்லியது என்பதால், அடியில் உள்ள பரப்பு எப்படியோ அப்படியேதான் மேலே தெரியும். கீறல் இருந்தால் கீறல், தூசி இருந்தால் தூசி. எதையும் நிரப்பி மறைக்கும் பருமன் அதற்கு இல்லை. செதில்களின் இடைவெளியில் நுழையும் ஒளியை விழுங்குவதற்காகத்தான் அடியில் பளபளப்பான கருப்பு. இந்தக் கருப்பு முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். எனாமல் மேற்பரப்பில் விரைவாகத் தோல் கட்டும், உள்ளே நாள் கணக்கில் இளகியே இருக்கும். அதன்மேல் லேக்கரின் தின்னர் பட்டால் மேல்தோல் ஊறிப் புடைத்துக் கிழியும். பம்பர் முனைகளில் கண்ட வெடிப்புகள் அவை.

குரோம் பெயின்ட்டில் செதில்களைப் பிடித்துவைக்கும் பிசினும் மிகக் குறைவு. பிசின் கூடினால் கண்ணாடி குறையும். ஆகவே அது கைபட்டால் மங்கும். மேலே லேக்கர் அடித்தாலோ, அதன் தின்னர் செதில்களைத் தூக்கிப் புரட்டிவிடும். சக்கர மூடிகளில் நடந்தது அது.

இதையெல்லாம் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. தூசி, கீறல், விளிம்பு, வெடிப்பு என நான்கு குறைகளும் குரோமுக்கு அடியில் இருந்தவை. சாம்பல் மங்கல் ஒன்றுதான் குரோமின் குறை. அதைத் திருத்தப்போய் அடித்த கோட்கள் எதுவும் மற்ற நான்கையும் தொட்டிருக்க முடியாது.

ஐந்து கரண்டிகள்

பாகத்தின்மேல் இனி எந்தச் சோதனையும் இல்லை என்று முடிவெடுத்தோம். ஐஸ்கிரீம் கடைகளில் தரும் பிளாஸ்டிக் கரண்டிகள் இதற்கு மிகப் பொருத்தம். குழிவும் குவிவுமாக இருப்பதால் பம்பரின் வளைவுக்கு இணையான சோதனை கிடைக்கும். ஐந்து கரண்டிகளில் எண் எழுதினோம்.

முதல் கரண்டியில் நண்பர் செய்ததையே திரும்பச் செய்தோம்: எனாமல் கருப்பு, ஓர் இரவு, பிறகு குரோம். சில நிமிடங்களில் சுருங்கியது. இரண்டாவது, அவர் வீட்டில் பத்து நாள்களுக்கு முன் எனாமல் அடித்துச் சும்மா வைத்திருந்த கரண்டி. அதில் வெடிப்பு வரவில்லை, ஆனால் பிம்பம் சற்று மழுங்கலாக இருந்தது. மூன்றாவதில் லேக்கர் கருப்பு, இரண்டு நாள் காயவிட்டு, குரோமை ஈரமாக அடித்தோம். வெடிப்பு இல்லை, சாம்பல் மங்கல் உண்டு. நான்காவதில் கருப்பை 2000 எண் தாளால் தேய்த்துவிட்டு, மீண்டும் கருப்பு அடிக்காமல் குரோம். பளபளப்பு வந்தது, கீறல்களோடு.

ஐந்தாவது லேக்கர் கருப்பு, இரண்டு நாள், குரோமைப் பனிபோலத் தூவி ஆறு சுற்று. முதல் இரண்டு சுற்றில் புகைபோலத்தான் இருந்தது. நண்பரின் கை பதறியது. இன்னும் கொஞ்சம் அடிக்கலாமே என்றார். விடவில்லை. நான்காம் சுற்றில் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. ஆறாம் சுற்றோடு நிறுத்தினோம். சில நிமிடங்களில் கரண்டியின் முதுகில் என் அறையே தலைகீழாகாமல் சிறிதாக நின்றது: விளக்கு, அலமாரி, வாசலில் நின்ற என் மனைவி.

எதைக் கழற்றுவது, எதை விடுவது

இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் முக்கியமானது, எல்லாவற்றையும் திரும்பச் செய்வதில்லை என்பது. ஒரு பாகம் கெட்டால் எல்லாவற்றையும் கரைத்து ஒரே சீராக அடித்துவிடலாம் என்று தோன்றும். பாகங்கள் காரில் எங்கே உட்காருகின்றன என்று பார்த்தால் அந்த எண்ணம் தணியும்.

பின் பம்பரில் கோடு மெல்லியது, அதுவும் கீழ்ப்புறத்தில். தொழிற்சாலை முலாம் பழுதில்லாமல் இருந்தது. அதை விட்டோம். கிரில்லில் மூன்று வெட்டுப் பொட்டுகள் மட்டும். முலாமைக் காப்பாற்றிக்கொண்டு அவற்றை மட்டும் தொடுவது என்று முடிவு. சக்கர மூடிகளில் கெட்ட இரண்டை மட்டும் திரும்பச் செய்வது. முன் பம்பரைப் பிளாஸ்டிக் தெரியும்வரை கழற்றுவது.

தொழிற்சாலை முலாமுக்கும் கையால் அடித்த குரோமுக்கும் நிறச்சாயலில் சிறு வேறுபாடு உண்டு. முன்னும் பின்னும் இருக்கும் பம்பர்களை ஒரே பார்வையில் பார்க்க முடியாது என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். முன் பம்பரும் கிரில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. அங்கே என்ன செய்வது என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தோம்.

அடிவரை போதல்

கழற்றுவது மூன்று கட்டமாக நடந்தது. மேலே இருந்த குரோமை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தோம். எனாமலுக்குக் காஸ்டிக் சோடா. அது எனாமலின் பிசினைச் சோப்பாக மாற்றி இளக்கிவிடும்; இந்தப் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கடைசியாக, தொழிற்சாலை அடிப்பூச்சுக்கு 99 சதவீத ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறல்.

இங்கே சில எச்சரிக்கைகளை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இவை வீட்டுக்குள் நடக்கும் வேலைகள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண் கவசமும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. முலாமைக் கரைப்பதுபோலவே அது பாத்திரத்தையும் கரைக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பிளீச்சில் முலாம் கரைப்பவர்கள் அதைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். பிளீச்சிலிருந்து எடுத்த பாகத்தை நன்றாகத் தண்ணீரில் அலசாமல் ஆல்கஹாலில் போடுவதும் தவறு. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். நண்பர் வீட்டில் வேலை மேசை பூஜை அறைக்கு எதிரே இருந்தது. மாலை விளக்கேற்றும் நேரம் என்பதால் ஊறல் ஜாடியை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தபோது அடிப்பூச்சு வெங்காயத்தோல்போல உரிந்தது. பம்பரின் முகப்பில் செங்குத்தாக நிற்கும் காவல்களின் இடுக்கில் மட்டும் விடவில்லை. இன்னொரு இரவு ஊறல். அவசரப்பட்டுக் கத்தியால் சுரண்டியிருந்தால் பிளாஸ்டிக்கில் பள்ளம் விழுந்திருக்கும்.

பிறகு கோடு. 800-இல் தொடங்கி 1000, 1500, 2000, 3000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தார் நண்பர். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்க்கச் சொன்னேன். முந்தையது மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, அதன்பின் வெறுங்கையால் தொடவில்லை.

மழைநாள்களில் என் அறையின் ஈரப்பதமானி 84 சதவீதம் காட்டியது. அந்த ஈரத்தில் லேக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் நீர் பூச்சின்மேல் படிந்து வெண்படலம் விழும். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் ஈரக்காற்றைத்தான் அழுத்தி அனுப்புகிறது. குழாயில் நீர் சேர்ந்து, அடிக்கும்போது துளியாகத் தெறிக்கும். ஆகவே நான்கு நாள் எதுவும் செய்யாமல் காத்திருந்தோம். நண்பருக்கு அது பெரிய வேதனை. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் மதியம் வெயில் அடித்தது, ஈரப்பதம் 62-க்கு இறங்கியது. கம்ப்ரசரின் நீர்ப்பிரிப்பானைத் திறந்தபோது அரைக் கரண்டித் தண்ணீர் வடிந்தது.

கருப்பு லேக்கரை, மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரில் கலந்து, மூன்று மெல்லிய கோட்களும் கடைசியில் சற்று ஈரமாக ஒன்றும் அடித்தோம். மெதுவாகக் காய்வதால் பரப்பு தானே சமன்படும், ஆரஞ்சுப் பழத் தோல்போன்ற சொரசொரப்பு விழாது. உடனே ஒரு எவர்சில்வர் தூக்கைக் கவிழ்த்து மூடினோம், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. தூசிக்கு இதைவிட நல்ல அரண் எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் டப்பாவைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். உலோகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

திறந்தபோது இரண்டு தூசிப் புள்ளிகள் இருந்தன. தேய்த்துப் பாலிஷ் போடலாமா என்று பேசினோம். இவ்வளவு குறுகலான பாகத்தில் பாலிஷ் போட்டால் விளிம்புகளில் கருப்பு தேய்ந்து பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். பாலிஷின் மெழுகு எங்காவது தங்கினால் அடுத்த பூச்சு அங்கே விலகிக் குழி விழும். ஆகவே புள்ளிகளை மட்டும் 3000 எண் தாளால் மட்டப்படுத்தி, கழுவி, இன்னொரு மெல்லிய கருப்பு. ஒரு புள்ளி மறைந்தது. மற்றொன்று இடது காவலின் அடியில் ஒரு கடுகின் நிழல் அளவுக்கு நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டோம்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கின் அருகே கொண்டுபோனால் தின்னர் வாடை வரக்கூடாது. பிறகு நாளிதழைக் கருப்புப் பரப்பின் எதிரே பிடித்து, பிம்பத்தில் தலைப்பு எழுத்துகளின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். எழுத்து அலை அலையாக நெளிந்தால் குரோமும் நெளியும். மூன்றாம் நாள் வாடை நின்றது. ‘ழ’வின் சுழி வரை தெளிவாகத் தெரிந்தது.

குரோம் அடித்த மதியம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாம் கரண்டியைத் திரும்பச் செய்ததுதான். 0.3 மில்லிமீட்டர் முனை, 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம், பம்பரிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தூரம். ஜன்னலில் எக்ஸாஸ்ட் விசிறி, முகத்தில் கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி. பம்பருக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, கடந்து, வெளியே போய் நிறுத்துவது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே மூன்று நிமிடம். நண்பரே அடித்தார். ஐந்தாம் சுற்றில் தானாகவே கையை எடுத்துவிட்டார். “இன்னும் சற்றுக் கருமையாக இருக்கிறதே?” என்றேன். “இருக்கட்டும் அண்ணா, கரண்டியும் இப்படித்தான் இருந்தது” என்றார். மாலையில் பார்த்தபோது அவர் சொன்னது சரி.

கிரில்லும் சக்கர மூடிகளும்

கிரில்லின் வெட்டுப் பொட்டுகளைச் சீவி மட்டப்படுத்தி, குரோம் மையை ஒரு தட்டில் இறக்கி, பல்குத்தி முனையால் ஒரு சொட்டு வைத்தோம். தூரிகையால் இழுத்தால் கோடு விழும். சொட்டாக வைத்தால் தானே பரவிச் சமன்படும். வைத்தபின் தொடக்கூடாது. இந்த மை தொட்டால் ஒட்டாத நிலைக்கு விரைவில் வந்தாலும், உள்ளே இறுக நாள்கள் ஆகும்.

கிரில்லின் பளபளப்பு பம்பரைவிட வெளிறி, பொம்மைபோல் இருந்தது. நீர் வகை அக்ரிலிக் கருப்பை நன்றாக நீர்த்து, பட்டைகளின் இடுக்கில் ஓடவிட்டோம். இடுக்குகள் கருத்ததும் பட்டைகளுக்கு ஆழம் வந்தது. பம்பரோடு நிறமும் பொருந்தியது. இங்கே லேக்கர் தின்னர் கலந்த எதுவும் படக்கூடாது. முலாமின் அடிப்பூச்சையே அது கலைத்துவிடும்.

சக்கர மூடிகள் இரண்டையும் ஆல்கஹாலில் ஊறவைத்துக் கழுவி, லேக்கர் கருப்பு அடித்து, நடுவில் ஒரு பெரிய சொட்டு மையை விட்டு விளிம்புவரை பரவவைத்தோம். மேலே எதுவும் அடிக்கவில்லை. ஆறு நாள் தூக்குக்கு அடியில் இருந்தன.

விளைவு

விழாவுக்கு மூன்று நாள் முன்பு கார் முழுமையானது. சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பம்பரைப் பொருத்தும்போது துணிக் கையுறை போட்டு, பின்புறத்தை மட்டும் பிடித்தார் நண்பர். அந்தக் கடுகு நிழல் இடம் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். கிரில்லின் பொட்டுகளை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். மரப்பலகையில் இரண்டு திருகால் இறுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்து, கோவை ரயிலில் மடியிலேயே கொண்டுபோனார்.

அங்கே நடந்ததை அவர் தொலைபேசியில் சொன்னார். தந்தை பெட்டியைத் திறந்து, வண்டியை வெகுநேரம் பார்த்திருக்கிறார். கையில் எடுத்துச் சாய்த்து, அடிப்பாகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு தோளில் கிடந்த துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, முன் பம்பரின் வலது முனையிலிருந்து நடுவரை ஒரு இழுப்பு, திரும்ப ஒரு இழுப்பு, துடைத்திருக்கிறார். காலையில் வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் தினமும் செய்த வேலை அது. மகன் ‘அப்பா’ என்று சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

துடைத்த இடம் மங்கியது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் கோடு, அதன் ஓரத்தில் கருப்பு எட்டிப்பார்த்தது.

திரும்ப அடித்துக் கொண்டுவருகிறேன் என்று மகன் சொன்னதற்குத் தந்தை, “விடுப்பா, அந்த வண்டியிலும் முதலில் முலாம் போனது இந்த இடத்தில்தான். எட்டு வருஷம் துடைத்தேன் அல்லவா?” என்றாராம். வண்டி இப்போது அவருடைய கட்டிலுக்கு அருகே அலமாரியில் இருக்கிறது. அந்தப் பம்பரை நாங்கள் தொடவில்லை.

அடுத்த முறை மாற்றுபவை

முன் பம்பரின் கோடு முனைகளில் மட்டும் இருந்தது. காரில் வைத்துப் பார்த்தால் அதில் பாதி சக்கர வளைவின் நிழலில் போய்விடுகிறது. முலாமைக் கரைப்பதற்கு முன்பே பாகத்தைக் காரில் தற்காலிகமாகப் பொருத்தி, ஒரு கை தூரத்திலிருந்து பார்த்திருந்தால், நண்பர் அதைத் தொடாமலே விட்டிருக்கலாம். தொழிற்சாலை முலாமின் சிறு குறையை ஏற்பதா, அதைக் கரைத்துப் புதிதாகத் தொடங்குவதா என்ற கேள்வியில் நான் இப்போது முதல் பக்கம் சாய்கிறேன். முலாம் துண்டு இழுப்பையும் இன்னும் சற்று நன்றாகத் தாங்கியிருக்கும்.

கரைப்பது என்று ஆனால் அடிப்பூச்சு வரை கரைக்க வேண்டும். அலுமினியம் போனதும் வேலை முடிந்ததாக நினைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. கருப்புக்கு எனாமல் இனி இல்லை. பத்து நாள் காத்திருந்தும் இரண்டாவது கரண்டி ஐந்தாவதற்கு ஈடாகவில்லை. பாகத்தில் எதை அடிப்பதற்கு முன்பும் அதே கலவை, அதே நாள் கணக்கில் ஒரு கரண்டியில் அடித்துப் பார்க்க வேண்டும்.

யார் கைக்குப் போகிறது என்பதை நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். போட்டி மேசைக்குப் போகும் மாடலும் எண்பது வயது ஓட்டுநரின் கைக்குப் போகும் மாடலும் ஒன்றல்ல. அவர் துடைத்த அந்தத் துண்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்த உலோகத் தாளின் மேலும் போயிருக்கிறது. அங்கே ஒன்றும் ஆகவில்லை. பம்பரின் இரட்டை வளைவில் தாளைச் சுருக்கமின்றி ஒட்டுவது கடினம். ஆனாலும் நடுப்பட்டைக்கு மட்டுமாவது தாள் ஒட்டி, காவல்களுக்கும் முனைகளுக்கும் பெயின்ட்டை வைத்திருக்கலாம். இரண்டும் சேரும் இடத்தைக் காவல்களே மறைத்திருக்கும். இப்போது அதே முறையை வேறொரு பம்பரில் முயன்று வருகிறேன்.

ஐந்தாம் கரண்டி என் இழுப்பறையில் சிலிக்கா ஜெல்லோடு கிடக்கிறது. எட்டு மாதம் ஆகிறது, யாரும் தொடவில்லை. நேற்று எடுத்து நாளிதழுக்கு எதிரே பிடித்தேன். எழுத்து தெரிகிறது.